ரெண்டு மணிக்குத் திரும்பியிருக்க வேண்டும்

1996-ல் எவரெஸ்ட் ஏறப் போனவர்கள் புயலில் மாட்டி உயிர்விட்ட நிஜச் சம்பவத்தைச் சொல்லும் ‘எவரெஸ்ட்’ (2015) படம் பார்த்துவிட்டு நம்ம பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து ஆட்கள் முதலில் கேட்பது இதுதான்: “வாக்கிடாக்கில பேசிக்கிட்டே இருக்காங்க, கீழ கேம்ப்ல ஆளும் இருக்கு. பிறகு ஏன் யாரும் போய்த் தூக்கிட்டு வரல?” நடுக்கடலில் இன்ஜின் நின்றால் வயர்லெஸ்ஸில் சொன்னதும் பக்கத்துப் படகு வந்து கயிறு போட்டு இழுத்துவரும் கரை இது. இங்கே இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1964 தனுஷ்கோடியைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊர் என்பதால், புயல் என்றதும் நம் மனசு அங்கேயே நின்றுவிடுகிறது. ஆனால் அந்த மலையில் புயல் வருவதற்கு முன்பே காரியம் கெட்டுவிட்டது.

1996 மே 10. ஏறக்குறைய 7,900 மீட்டர் உயரத்தில் நாலாவது முகாம். காசு வாங்கிக்கொண்டு ஆட்களை மலையேற்றிக் கூட்டிப்போகும் ராப் ஹால் குழு, அதே தொழிலில் இருந்த ஸ்காட் ஃபிஷர் குழு, கூடவே ஒரு தைவான் குழு, மூன்றும் ஒரே ராத்திரியில் நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகின்றன. ஹால் குழுவில் ஆளுக்கு மூன்று ஆக்சிஜன் சிலிண்டர். ரெண்டு முதுகில். மூன்றாவது, உச்சிக்குச் சற்றுக் கீழே இருக்கும் தெற்குச் சிகரத்தில் காத்திருக்கும். நிமிஷத்துக்கு 2 லிட்டர் வைத்தால் ஒரு சிலிண்டர் 5 அல்லது 6 மணி நேரம் வரும். நள்ளிரவிலிருந்து கூட்டிப் பாருங்கள், சாயங்காலம் நாலு, அஞ்சு மணிக்கு எல்லாம் காலி. அதனால்தான் ஒரு மணி, மிஞ்சிப்போனால் ரெண்டு மணி, உச்சியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் திரும்பிவிட வேண்டும் என்ற பேச்சு. ஒன்றா ரெண்டா என்று முடிவாகச் சொல்லாமல் விட்டதே முதல் ஓட்டை.

அடுத்தது கயிறு. மேலே முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டிய கயிறு கட்டப்படவில்லை. பால்கனி என்கிற இடத்திலும், பிறகு உச்சிக்குச் சற்று முன்னால் செங்குத்துப் பாறையாக நின்ற ஹிலாரி படியிலும் வரிசை தேங்கி நின்றது. ஹிலாரி படியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏற முடிந்தது. நிற்கிற நேரத்திலும் சிலிண்டர் தீர்ந்துகொண்டேதான் இருக்கும். ஹாலின் ஆட்களில் மூன்று பேர் காலை பதினொன்றரை வாக்கில் கணக்குப் போட்டு, இது ஆகாது என்று இறங்கிவிட்டார்கள். மூவரும் பிழைத்தார்கள். என் பார்வையில் அன்றைக்கு மலையில் எடுக்கப்பட்ட மிகத் துணிச்சலான முடிவு அது. படம் அதைச் சட்டென்று கடந்துபோவது எனக்குப் பெரிய குறை.

ஹால் கூட்டிப்போன ஆட்களில் ஒருவரான டக் ஹான்சன் உச்சிக்கு வரும்போது மணி நாலு. நேர விஷயத்தில் கறாரான ஹால் ஏன் காத்திருந்தார்? முந்தின வருஷம் இதே ஹான்சனை உச்சிக்குப் பக்கத்தில் திருப்பி அழைத்து வந்தவர் அவர். மறுபடி வா என்று கூப்பிட்டதும் அவரே. இந்தப் பாரத்தைப் படம் நேர்மையாகக் காட்டியிருக்கிறது.

நம்ம கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் மூச்சடக்கிச் சங்கு குளித்தவர்களுக்குத் தெரியும், காற்று பற்றாவிட்டால் நெஞ்சு முட்டும், உடம்பே மேலே போ என்று தள்ளும். அப்படி முட்டுவது பெரும்பாலும் ரத்தத்தில் கரியமில வாயு கூடுவதால். மலையில் மூச்சு தாராளமாக வெளியே போய்விடுவதால் அந்த எச்சரிக்கை வருவதில்லை. காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான், ஆனால் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. மூளை மெல்ல மங்கும், மங்குவது ஏறுகிறவனுக்கே தெரியாது. வழிகாட்டி ஆண்டி ஹாரிஸ் தெற்குச் சிகரத்தில் நிறைந்திருந்த சிலிண்டர்களைக் காலி என்று ரேடியோவில் அடித்துச் சொன்னார். படத்தில் அவர் சட்டையைக் கழற்றுவதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். குளிர் முற்றினால் சுருங்கிக் கிடந்த தோல் ரத்தக்குழாய்கள் திறந்துகொள்ளும், உடம்பு எரிகிற மாதிரி இருக்கும். நிஜத்தில் ஹாரிஸின் முடிவை யாரும் பார்க்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். அந்த உயரத்தில் நடக்க முடியாத ஒருவரைச் சுமக்க நாலைந்து பேர் போதாது, போகிறவர்களுக்கும் தனியாகச் சிலிண்டர் வேண்டும். மறுநாள், மலையேற உதவும் அந்த ஊர் ஆட்களான ஷெர்பாக்கள் ரெண்டு பேர், தெற்குச் சிகரத்தில் மாட்டிக்கொண்ட ஹாலைத் தேடி ஏறினார்கள். அவர் இருந்த இடத்துக்குச் சுமார் 200 மீட்டர் கீழேயே காற்று அவர்களைத் திருப்பிவிட்டது. ஹால் அங்கேயே இறந்துபோனார். கடைசியில் ஹால் குழுவில் ஏறி உயிர் தப்பிய பெக் வெதர்ஸைத் தூக்கிய ஹெலிகாப்டர், ஏறக்குறைய 6,000 மீட்டருக்கு வந்ததே பெரிய சாதனை. காற்று அவ்வளவு மெலிசு என்பதால் ஒரு தடவைக்கு ஒரு ஆளைத்தான் ஏற்ற முடிந்தது. ஓட்டியவர் நேபாள ராணுவத்தின் மதன் கத்ரி சேத்ரி.

இன்னொரு வருத்தமும் உண்டு. அந்தப் புயலில் எட்டுப் பேர் போனார்கள். தெற்குப் பக்கத்தில் ஐந்து பேர். வடக்கே திபெத் பக்கமாக ஏறிய நம்ம இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையில் மூன்று பேர்: ட்செவாங் சமன்லா, டோர்ஜே மொருப், ட்செவாங் பால்ஜோர். படம் தெற்குப் பக்கத்துக் கதையோடு நின்றுவிடுகிறது. தமிழில் இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் தயவுசெய்து இந்த மூன்று பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.