இரண்டு இட்லி, ஒரு காபி, சர்க்கரை இல்லாமல்

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு சென்னையில் ஒரு மாலுக்குப் போயிருந்தேன். கடைப் பெயர் வேண்டாம், நிறைய இடத்தில் இதே கதைதான். அம்மாவுக்கு வேண்டியது இரண்டு இட்லி, ஒரு காபி, சர்க்கரை இல்லாமல். கவுண்டரில் இருந்த பையன், "கியாஸ்க்ல போட்டுட்டு வாங்கம்மா" என்று கையைக் காட்டிவிட்டான்.

சரி, அம்மாவே போடட்டும் என்று பின்னால் நின்றேன். திரையைத் தொட்டு நாமே ஆர்டர் போடும் அந்தப் பெட்டி முதலில் கேட்டது போன் நம்பர். 'ஸ்கிப்' என்ற வார்த்தை மூலையில் சாம்பல் நிறத்தில் எறும்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் மெனு, முழுக்க இங்கிலீஷ். இட்லி 'ஆல் டே பிரேக்ஃபாஸ்ட்' என்ற தலைப்புக்குள் ஒளிந்திருந்தது. தொட்டால், வடை சேர்க்கவா, நெய் ஊற்றவா, காம்போவா என்று மூன்று திரை. 'ஆமாம்' பெரிதாக, பச்சையாக. 'வேண்டாம்' தேட வேண்டும். சர்க்கரை இல்லாத காபி என்று சொல்ல வழியே இல்லை. ஒருவழியாக க்யூஆர் வந்தது. அம்மா பையில் துழாவிப் போனை எடுத்து, கண்ணாடி மாட்டி, ஜிபே திறப்பதற்குள் திரை பழையபடி முதல் பக்கத்துக்குப் போய்விட்டது. பின்னால் நின்றவர் 'ப்ச்' என்றார். அம்மா திரும்பி, "எனக்குப் பசியே இல்லடா, வா போலாம்" என்றார்.

வயசானவங்களுக்கு இதெல்லாம் வராது என்று யாரும் கமெண்டில் சொல்லாதீர்கள். இதே அம்மாதான் எங்கள் வீட்டு கரண்ட் பில்லைப் போனில் கட்டுகிறார்.

பழைய ஹோட்டல் கல்லாவில் என்ன நடக்கும்? நம் வாயில் வந்த வரிசையில் சொல்வோம், அவர் டோக்கன் கிழித்துக் கொடுப்பார். கியாஸ்க் தன் வரிசைக்கு நம்மை இழுக்கிறது. இது கவனக்குறைவு மட்டும் இல்லை. 2018இல் மெக்டொனால்ட்ஸின் அப்போதைய தலைமை அதிகாரி ஸ்டீவ் ஈஸ்டர்புரூக், கியாஸ்க்கில் அதிக நேரம் பார்ப்பவர்கள் அதிகமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதனால் பில் கொஞ்சம் கூடுகிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். வியாபாரம், புரிகிறது. வடையைக் காட்டுங்கள், ஆனால் கேட்டதை எழுதிக்கொண்ட பிறகு, ஒரே ஒரு தடவை. நல்ல சர்வர் அப்படித்தானே கேட்பார்?

எனக்கு மிகவும் எரிச்சல் தந்தது அந்த நேரக்கெடு. இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைக்கச் சொல்லும் டபிள்யூசிஏஜி நெறிமுறையில் இதற்குப் பல வருடமாகவே விடை இருக்கிறது: நேரம் முடியும் முன் எச்சரிக்க வேண்டும், ஒரு தொடுதலில் நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 நொடி தர வேண்டும். பணம் கட்டப் போனை எடுப்பவரின் ஆர்டரை அழிப்பது, கல்லாவில் பர்ஸைத் திறக்கும்போது டோக்கனைப் பிடுங்குவது போல. அந்த ஒரு திரையிலாவது பொறுமையாக இருக்கக் கூடாதா?

தமிழைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன? புறநகர் ரயில் நிலையங்களில் டிக்கெட் மெஷின் தமிழ் பேசுகிறது. பல நிலையங்களில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் பக்கத்தில் நின்று எடுத்தும் கொடுக்கிறார். தானியங்கிக்கு ஒரு ஆளா என்று நானும் சிரித்திருக்கிறேன். வரிசை நகர்கிறதே.

பார்வை இல்லாதவர்கள் நிலை இன்னும் மோசம். ஏடிஎம்மில் 5 மேல் ஒரு சின்னப் புள்ளி இருக்கும், விரல் வைத்தால் மற்ற எண்கள் பிடிபடும். இந்தக் கண்ணாடியில் தடவ எதுவுமே இல்லை. சக்கர நாற்காலியில் வருபவருக்குப் பாதி பட்டன் கைக்கே எட்டாது. அவர்களுக்கும் கையில் ரொக்கம் வைத்திருப்பவருக்கும் ஒரு மனித கவுண்டர் திறந்தே இருக்க வேண்டும். இருக்கிற ஆளையும் கையைக் காட்ட வைக்காதீர்கள்.

அன்றைக்கு ஆர்டரை நான்தான் போட்டேன். காபி சர்க்கரையோடு வந்தது. அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு நேராகக் கவுண்டருக்குப் போய், "தம்பி, சர்க்கரை போடாம ஒண்ணு குடுப்பா" என்றார்.

"சரிங்கம்மா" என்று அவன் உடனே மாற்றிக் கொடுத்தான்.