எங்கள் புளோக் சேவல் அசலா, கலப்பா?

எங்கள் அடுக்குமாடிப் புளோக் கீழே ஒரு சேவல் இருக்கிறது. விடியற்காலை நாலரைக்கே கூவத் தொடங்கிவிடும். நேற்று காப்பிக்கடையில் அதைப் பற்றித்தான் பேச்சு. “கால் சாம்பல், காதோரம் வெள்ளை. அசல் காட்டுக்கோழி தம்பி!” என்று அடித்துச் சொன்னார் பக்கத்து வீட்டு அண்ணன். “யாரோ வளர்த்துவிட்ட கம்போங் கோழிண்ணே, வெறும் கிராமத்து வீட்டுக்கோழி” என்றேன் நான்.

உண்மையில் இரண்டு பேருக்குமே தெரியாது. காலையும் காதையும் பார்த்துச் சொல்கிற விஷயமா இது? டிஎன்ஏவில் கோழிக்குக் கோழி ஓர் எழுத்து மாறும் இடங்கள் ஏராளம். ஓரிடத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஆயிரக்கணக்கான இடங்களைச் சேர்த்துப் பார்த்தால், எந்தக் கூட்டத்தின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போடலாம்.

ஆனால் எதோடு ஒப்பிடுவது? அங்கேதான் சிக்கல். ‘அசல்’ என்று நாம் எடுத்துக்கொள்ளும் பறவையே கலப்பு என்றால், மொத்தக் கணக்கும் பொய். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகங்களில் இருந்த பழைய காட்டுக்கோழிகளின் டிஎன்ஏவையும் எடுத்துப் பார்த்தார்கள். நூறு ஆண்டுக்கு முந்தைய பறவைகளில் வீட்டுக்கோழிக் கலப்பு குறைவு. இன்றைய காட்டுக்கோழிகளிலோ 20 முதல் 50 விழுக்காடு வரை! அந்தப் பழைய பறவைகளை யாரோ பத்திரப்படுத்தி வைத்திருக்காவிட்டால், இன்றைய கலப்பையே அசல் என்று நம்பியிருப்போம்.

வீட்டுக்கோழி மட்டும் ஒரே வழி வந்ததா என்ன? அதன் மஞ்சள் காலுக்கான மரபணு, அதன் முக்கிய மூதாதையான செந்நிறக் காட்டுக்கோழி தந்ததல்ல, நம் தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழி தந்தது என்று 2008இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஊர் வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒருமுறை “கலப்பில்லாத நாட்டு மாடு” படம் வரும். காங்கேயம் கன்றும் சிவப்பாய்ப் பிறந்து சாம்பலாகும், உம்பளாச்சேரிக் கன்றும் அப்படித்தான். நிறத்தை வைத்து என்ன சத்தியம் செய்வது? அந்தப் பெருமைக்குச் செலவிடும் நேரத்தில், இப்போது இருக்கும் மாடுகளின் ரத்தத்தையும் முடியையும் ஊர் ஊராகச் சேகரித்து உறைய வைத்தால் எவ்வளவோ மேல். ஐம்பது வருஷம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டாமா?

இதையெல்லாம் சொன்னதும் அண்ணன் தே தாரிக் தேநீரைக் கீழே வைத்தார். “அப்போ நம்ம சேவல் எத்தனை விழுக்காடு?”

“உதிர்ந்த இறகு ஒன்று கிடைத்தால் பார்க்கலாம்ண்ணே” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். இன்று காலையிலிருந்து புல்தரையையே பார்த்தபடி நடந்துகொண்டிருக்கிறார்.