கரையில் நிற்பவனும் கற்றுக்கொள்ளட்டும்

ஞாயிற்றுக்கிழமை தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த இனாண்டா அணையில் எடுத்த அந்தக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். என் உள்பெட்டிக்கே பலர் அனுப்பிவிட்டார்கள். கரையில் நின்று தூண்டில் வீசப் பழகிக்கொண்டிருந்த ஒரு பையனைப் படகிலிருந்தவர் படம் பிடித்து, "இவர்களால்தான் இந்த அணை கெட்டது, இனி இங்கே மீனே இல்லை" என்று சொல்லிச் சிரிக்கிறார். கீழே நம்மவர்களே சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்கள். பேசாமல் இருந்துவிடத்தான் நினைத்தேன், மனம் கேட்கவில்லை.

மீன் இருக்கிறது. அது பாடம் கற்றுக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். டர்பனிலிருந்து காலையில் கிளம்பி மதியத்துக்குள் வீடு திரும்பிவிடக்கூடிய தூரத்தில் உள்ள அணையில், வாரந்தவறாமல் ஆட்கள் வந்து வீசும் தண்ணீரில், பிழைத்திருக்கும் ஒவ்வொரு பாஸ் மீனும் (தூண்டில்காரர்கள் தேடிவரும் நன்னீர் வேட்டை மீன் இது) எத்தனையோ இரைகளைப் பார்த்து ஒதுங்கிய மீன். கற்றுக்கொள்வது போக, எளிதில் மாட்டாத குணம் பிறவியிலேயே வருவதும் உண்டு; இது என் ஊகம் மட்டுமல்ல. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ரிட்ஜ் ஏரியில் எளிதில் தூண்டிலில் மாட்டும் பாஸையும் மாட்டாத பாஸையும் பிரித்து, மூன்று தலைமுறை தனித்தனியே வளர்த்துப் பார்த்தார்கள். மாட்டுவதும் மாட்டாததும் குஞ்சுகளுக்கும் இறங்குகிறது என்று 2009இல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. ஆகவே நெரிசலான அணையில் மீன் கிடைக்கவில்லை என்றால் மீன் இல்லை என்று பொருளாகாது. இதைப் படகில் போகிறவர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். அறிந்தும் அப்படிச் சொன்னதுதான் எனக்கு வலிக்கிறது.

அந்தப் பையன் என்ன செய்துகொண்டிருந்தான்? தடித்த தூண்டில் நரம்பில் பெரிய இரையைக் கட்டி வீசி, வேகவேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். யாரும் தொடாத தனியார் பண்ணை அணையில் அதற்கே மீன் வரும்; இங்கே வராது. "நரம்பை மெல்லியதாக மாற்று தம்பி, சிறிய ரப்பர் புழுவைக் கட்டு, ஆகாயத்தாமரையின் ஓரமாகப் போட்டு மெதுவாக எடு" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? படம் பிடித்த நேரத்தில் பாதிகூட ஆகாது.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் என் அப்பாவோடு வேலை செய்த, டர்பனை அடுத்த ஃபீனிக்ஸைச் சேர்ந்த ஒரு மாமா. துப்பாக்கிக் குண்டு வடிவ ஈயத்தை நரம்பில் கோத்து, வளைந்த முள்ளைப் புழுவின் தலையில் குத்தி எடுத்துத் திருப்பி, முனையை அதன் உடம்புக்குள்ளேயே மறைத்து வைக்கும் டெக்சஸ் ரிக்கைத்தான் முதலில் கட்டச் சொன்னார். முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனைக்காவிட்டால் அறுத்தெறிந்துவிட்டு மறுபடியும் கட்டச் சொல்வார். புழு தரையைத் தொடும்வரை பொறுத்திருந்து, கம்பின் நுனியை ஒரு சாண் தூக்கி, திரும்ப இறக்கிவிட வேண்டும். பழகிய மீன் கடிப்பது கைக்குத் தெரியாது. தளர்ந்து கிடக்கும் நரம்பு காற்றடிக்கும் திசைக்கு எதிராக மெல்ல நகரும், அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். "கையை நம்பாதே, நரம்பைப் பார்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இந்த வித்தையை நெரிசலான தண்ணீர்தான் கற்றுத்தரும். ஏமாளி மீன்கள் நிறைந்த அணையில் பழகியவனுக்கு நரம்பைப் பார்க்கும் பொறுமை வருவதில்லை.

"உங்கள் ஆட்களுக்குக் கடல்தானே, ஷாட் மீன் பிடிக்கப் போங்களேன்" என்று ஒருவர் பின்னூட்டம் எழுதியிருக்கிறார். அவருக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். என் அப்பா, இந்த அணை கட்டப்பட்டிருக்கும் அதே உம்கேனி ஆற்றின் முகத்துவாரத்தில், புளூ லகூனில் நின்று மீன் பிடித்தவர். அவருக்குக் கடலின்மேல் ஆசை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நிறவெறி அரசு 1953இல் கொண்டுவந்த தனித்தனி வசதிகள் சட்டம் எந்தக் கடற்கரை யாருக்கு, எந்தப் பூங்கா யாருக்கு என்று பலகை நட்டுவைத்த காலம் அது. ஆற்றின் மேல்பகுதித் தண்ணீரில் ஓய்வாக உட்கார நம்மை யார் அழைத்தார்கள்? இனாண்டா அணை கட்டி முடிந்தது 1989இல், அந்தச் சட்டம் நீக்கப்பட்டது 1990இல். நம் முன்னோர் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து டர்பனில் இறங்கியது 1860இல். இந்தப் பாஸ் மீன் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டது 1928இல். மீனைவிட நாம்தான் இந்த மண்ணுக்கு மூத்தவர்கள். அணை யாருடைய பாட்டன் சொத்தும் அல்ல.

கரைக்காரர்கள் குப்பை போடுகிறார்கள் என்று சொல்வீர்கள். போடுகிறார்கள், உண்மைதான். அறுந்த நரம்பைக் கரையில் விட்டுப் போகிறவர்களை நானே கண்டித்திருக்கிறேன், அவர்களுக்காக வாதாட வரவில்லை. மீனை வீட்டுக்கு எடுத்துப்போய்க் குழம்பு வைக்கிறார்கள் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. அரசே அயல் உயிரினப் பட்டியலில் சேர்த்திருக்கும் மீனை, விதிக்கு உட்பட்டு ஒருவர் சாப்பிட்டால் அதில் என்ன பாவம்? படகு வாங்கிக்கொள்ளட்டும் என்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

இந்தத் தண்ணீருக்கு அழுத்தம் கொடுப்பவர் யார் என்று கேட்டால், கரையில் நிற்பவன் கை எட்டும் தூரம் வரைதான் வீச முடியும். படகில் போகிறவர் மீன் காட்டும் கருவியின் திரையில் மீனைப் பார்த்து, அது நிற்கும் இடத்துக்கே போய் இரையை இறக்குகிறார். வசந்த காலத்தில் தண்ணீர் சூடேறும்போது ஆண் பாஸ் ஆழமில்லாத இடத்தில் வாலால் குழி பறித்து, முட்டைகளைக் காத்துக்கொண்டு அங்கேயே நிற்கும். பசிக்காக அல்ல, முட்டையருகே வந்ததை விரட்டவே அது இரையைக் கவ்வுகிறது. அதைத் தூக்கிப் படம் எடுத்து, எடை பார்த்துத் திரும்ப விடுவதற்குள் புளூகில் போன்ற சிறு மீன்கள் கூட்டில் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடும். மீனை உயிரோடு விட்டோம் என்று பெருமையாக எழுதுகிறார்கள். குஞ்சுகள் போனதை யாரும் எழுதுவதில்லை. அந்தப் பையனின் தூண்டிலில் ஒரு மீனும் மாட்டவில்லை. அணையைக் கெடுத்தவன் அவனாம்.

இங்கே வசந்த காலமான செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கூட்டைக் காக்கும் மீனைத் தொடாதீர்கள், போட்டிகளையும் அதற்கேற்பத் தள்ளி வையுங்கள் என்று இதே பக்கத்தில் முன்பு மரியாதையாகக் கேட்டிருந்தேன். படகுக்கார அண்ணன்மார் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கரையில் நிற்கும் ஒருவனைப் பார்த்துச் சிரிக்க மட்டும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். வந்தவர்கள் அப்படியே அந்தக் கேள்விக்கும் பதில் எழுதிவிட்டுப் போங்கள்: இந்த இரண்டு மாதம் கூட்டு மீனை விட்டுவைப்பீர்களா, மாட்டீர்களா?