நார்வேயைக் காட்டுகிறவர்கள் சிலியையும் காட்டட்டும்

நீரில் வலைக்கூண்டு கட்டி மீன் வளர்ப்பதைப் பற்றி எந்தக் கூட்டத்தில் பேச்செடுத்தாலும் கடைசியில் நார்வேயில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். நாகர்கோவிலில் அண்மையில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பிலும் அதே கதைதான். சால்மன் என்ற குளிர்நீர் மீனை வளர்த்தே அந்த நாடு செழித்துவிட்டதாம். (எண்ணெய்க் கிணறுகள் பேச்சாளரின் நினைவுக்கு வரவில்லை.) மணக்குடிக் காயலில் கொடுவாக் கூண்டு போட மனு எழுதிக்கொண்டிருக்கும் என் அக்காள் மகன் எழுந்து, நோய் வந்தால் என்ன செய்வது என்று கேட்டான். "அதற்கெல்லாம் மருந்து இருக்கிறது தம்பி" என்று சொல்லி உட்காரவைத்துவிட்டார்கள். அந்த ஒரு வரிக்குத்தான் இந்தப் பதிவு.

மருந்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சிலி நாடு இருக்கிறது. 1989இல் அங்கே கூண்டு சால்மன்களைக் கொன்றுகொண்டிருந்த ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். பிசிரிக்கெட்சியா சால்மோனிஸ் என்று பெயர். நோய் கண்ட மீன் கறுத்துப்போகும், செவுள் வெளுக்கும், இரை எடுக்காமல் வலையோரம் ஒதுங்கி நிற்கும். அறுத்துப் பார்த்தால் ஈரலில் வளையம் வளையமாகப் புண். இந்தக் கிருமி மீனின் உயிரணுவுக்குள்ளேயே புகுந்து பெருகுவதால் தடுப்பூசிகள் எதிர்பார்த்த அளவுக்குக் காப்பதில்லை. ஆகவே ஆன்டிபயாடிக். ஆண்டுக்கு 300 டன்னுக்கும் மேல் கொட்டிய ஆண்டுகள் உண்டு, பெரும்பகுதி இந்த ஒரே நோய்க்காக.

மருந்தைத் தீவனத்தில் கலந்துதான் கொடுக்கிறார்கள். சீக்கு வந்த மீனோ தீவனத்தைத் தொடாது. தின்பதெல்லாம் திடமான மீன்; மிச்சமும் கழிவும் அடிச்சேற்றில் போய்ப் படிகின்றன. அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் மெல்ல மெல்ல மருந்துக்கு மசியாதவையாக மாறுகின்றன. பயிற்சி வகுப்பில் இதை யாரும் சொல்லவில்லை.

நார்வேயும் முதலில் இதே வழியில்தான் போனது. 1987இல் ஏறக்குறைய 50 டன் ஆன்டிபயாடிக் செலவழித்த நாடு அது. அங்கே பரவிய வேறு நோய்களுக்கு எதிராகக் குஞ்சுப் பருவத்திலேயே வயிற்றில் ஊசி போடும் தடுப்பூசி 1990களின் தொடக்கத்தில் பரவியது. அறுவடைக்குப் பின் இடத்தைச் சும்மா விட்டு வைக்கவும் பழகினார்கள். இன்று உற்பத்தி பல மடங்கு பெருகியும் மருந்து ஒரு டன்னுக்கும் கீழே. காட்டுவதென்றால் இதைக் காட்டுங்கள். அப்படியிருந்தும் 2023இல் அங்கே கடலில் விட்ட சால்மன்களில் ஆறில் ஒன்று செத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

2025 தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சால்மன்கள் செத்து, அவற்றின் கொழுப்புக் கட்டிகள் கரையில் ஒதுங்கின. அதே பாக்டீரியா இனம்தான். கோடையில் கடல் சூடேறியதும் ஒரு காரணம். நீர் சூடேறினால் ஆக்சிஜன் குறையும், நெருக்கியடித்து நிற்கும் மீன் தளரும், கிருமிக்கு வழி கிடைக்கும். மீனின் மேல் ஒட்டிக்கொண்டு தோலைத் தின்னும் கடல் பேன்கள் போட்ட புண் இருந்தால் இன்னும் சுலபம்.

இனி நம் காயலுக்கு வருவோம். சால்மன் நம் வெந்நீரில் பிழைக்காது. கொடுவா சூட்டையும் உப்பையும் தாங்கும் கெட்டி மீன். ஆனால் அதைத் தாக்க விப்ரியோ கிருமிகள் இந்த நீரிலேயே இருக்கின்றன. கோடையில் பொழி, அதாவது காயல் கடலில் சேரும் வாய், மணலால் அடைந்துவிட்டால் மணக்குடியில் நீரோட்டம் நின்றுபோகிறது. ஊர்க் கழிவு வந்து சேரும். கதம்பை (தேங்காய் மட்டை) ஊறப்போடும் காயலோரங்களில் நீரே கறுத்து நாறும். பகலில் ஆக்சிஜன் விடும் பாசி இரவில் அதையே எடுத்துக்கொள்ளும். விடிவதற்குச் சற்று முன் கூண்டருகே போய் நின்று பாருங்கள்: மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். வலைக்கண்ணில் பாசியும் சிப்பியும் அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். பிறகு மழை வந்து பொழி திறந்ததும் பழையாற்று வெள்ளம் பாய்ந்து உப்பு சட்டென்று இறங்கிவிடும். அந்த அதிர்ச்சியில் தளர்ந்த மீனைத்தான் கிருமி முதலில் பிடிக்கிறது.

கடலிலேயே கூண்டு போடலாமே என்பார்கள். ஆனி, ஆடியில் முட்டத்து அலையைப் பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். அலையைத் தாங்கினாலும், தென்மேற்குப் பருவத்தில் நம் கரையோரம் அடியிலிருந்து மேலேறி வரும் குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் குறைவு.

கூண்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடலுக்குப் போய் டீசல் காசுகூடத் தேறாமல் திரும்பும் குடும்பம்தான் எங்களுடையதும். பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கும் பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் என்றால் எந்த இளைஞனுக்கும் ஆசை வரும். ஆனால் மானியத்துக்கு முன் பங்குனி, சித்திரை விடியற்காலைகளில் காயலின் ஆக்சிஜனை அளந்து ஊர் அறிய எழுதிப் போடுங்கள். எத்தனை கூண்டுக்கு மேல் இந்தக் காயல் தாங்காது என்று ஓர் எண்ணைச் சொல்லுங்கள். மீன் செத்தால் அன்றைக்கே எங்கே கொண்டுபோய்ச் சோதிப்பது என்பதையும் மனுப் படிவத்திலேயே அச்சிடுங்கள்.

அக்காள் மகனிடம், பொழி அடையும் மாதங்களில் குஞ்சு விடாதே என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். மணக்குடி, தேங்காய்ப்பட்டணம், ராஜாக்கமங்கலம் பக்கம் கூண்டு போட்டவர்கள் எந்த மாதத்தில் மீன் செத்தது, அப்போது பொழி திறந்திருந்ததா, வலையைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்று கீழே எழுதுங்கள். மருந்து விற்றவரின் பெயர் வேண்டாம்.