எங்கள் தெருவைப் பார்த்துவிட்டு ‘பத்திரம் ப்ரோ’ என்று எழுதுகிறவர்களுக்கு

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒருவர் கேமராவைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நடந்து எடுத்த வீடியோ ஒன்றைத் தங்கை அனுப்பியிருந்தாள். தீபாவளிக்கு முந்தைய வாரம் எடுத்தது. பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. கடை வாசலில் நின்று ‘வாங்கக்கா, உள்ள வந்து பாருங்க’ என்று கூப்பிடும் பையன்களின் குரல், ஆட்டோ ஹாரன், கூட்டத்துக்குள் பலூன் கேட்டு அழும் குழந்தை, அவ்வளவுதான். எங்கள் பகுதியை இத்தனை பொறுமையாக யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை. சரி, பார்த்தவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று கீழே போனேன். ‘கேமரா பத்திரம் ப்ரோ.’ ‘அந்த ஏரியாவுக்குத் தனியாவா போனீங்க?’ ‘உயிரோட திரும்பி வந்ததே பெரிய விஷயம்.’ யாரோ ஒருத்தர் இரண்டு பேர் எழுதியதில்லை. வரிசையாக இதேதான்.

வயிறு எரிகிறது. நான் அங்கே பிறந்து வளர்ந்தவள், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். அந்த வீடியோவில் அப்படி என்னதான் நடக்கிறது? ஒரு அம்மா மகள் மேல் பாவாடைத் துணியை வைத்துப் பார்க்கிறாள், மகளுக்கு அந்த நிறம் பிடிக்கவில்லை. ஒரு பெரியவர் கேமராவைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிடுகிறார். இரண்டு பையன்கள் கையை ஆட்டிவிட்டு ஓடுகிறார்கள். முக்கால் மணி நேரத்தில் ஒருவர்கூட அந்த மனிதரை முறைத்துப் பார்க்கவில்லை. கண் முன்னால் ஓடுவது இது. ஆனால் எழுதுகிறவர்களின் மண்டைக்குள் ஓடுவது சினிமாவில் பார்த்த வடசென்னை. கத்தி, கஞ்சா, ரத்தம். படத்தில் வந்ததை நம்புகிறவர்கள், நிஜத்தைப் படம் பிடித்துக் காட்டினால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் கிளம்பியது எங்கள் ராயபுரத்திலிருந்து. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ல் பின்னி மில் தொழிலாளர்களை வைத்து இந்தப் பக்கம்தான் உருவானது. துறைமுகம் இங்கே. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-லிருந்து இங்கே. காசிமேட்டு மீன் நகரம் முழுக்கப் போகிறது. ஊருக்கெல்லாம் மின்சாரம் கொடுக்கிற அனல் மின் நிலையங்களின் சாம்பல் மட்டும் எங்கள் பக்கமே தங்கிவிடுகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்து, மீனவர்கள் உடம்பெல்லாம் கறுப்பாக அதை அள்ளிக்கொண்டு நின்றார்கள். ஆபத்து என்று ஒன்று உண்டென்றால் அது எங்களுக்குத்தான். வந்து நடந்துவிட்டுப் போகிறவருக்கு என்ன ஆபத்து? ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவோம்.

இது ஒரு வகை. அப்புறம் ஊர் அழகாகிவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்கள் வருகிறார்கள். இவர்கள் மேல்தான் எனக்கு இன்னும் கோபம்.

நான் வேலை பார்ப்பது தி.நகரில். பாண்டி பஜாரை 2019 நவம்பரில் நடைபாதை வளாகமாக மாற்றித் திறந்தார்கள். அகலமான நடைபாதை, உட்காரப் பெஞ்சு, நிழல். நல்ல வேலை, அதில் எனக்குச் சண்டையே இல்லை. சாயங்காலம் கால் கடுக்க நின்ற பிறகு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத்தான் நானும் ரயிலுக்குப் போகிறேன். அந்த இடத்தில் நடந்து எடுத்த வீடியோக்கள் எக்கச்சக்கம். மழை பெய்து ஓய்ந்த ராத்திரியில், விளக்கு வெளிச்சம் தரையில் விழ, ஒருவர் எடுத்திருந்தார். அதில் ஒரு முனையில் சில நொடிகள் வருகிறாள், நான் வழக்கமாகப் பூ வாங்கும் அக்கா. பிளாஸ்டிக் ஸ்டூல், மடியில் ஈரத்துணி, துணி மேல் முல்லைச் சரம். நடைபாதை அங்கே நான்கு பேர் கைகோத்துப் போகிற அகலம். அவள் உட்கார்ந்திருப்பது மரத்தைச் சுற்றிக் கட்டிய திட்டை ஒட்டி. யார் காலிலும் படாத இடம்.

‘சிங்கப்பூர் மாதிரி இருக்கு. இந்த அம்மா மட்டும்தான் திருஷ்டி.’ இப்படி ஒருவர் எழுத, அதை நூற்றுக்கணக்கானவர்கள் விரும்பியிருக்கிறார்கள். ‘இவங்களை எல்லாம் தூக்கினாத்தான் சென்னை உருப்படும்’ என்று அடுத்தவர். ‘வாடகை இல்லாம கொள்ளை லாபம்’ என்று மூன்றாமவர்.

அவளுடைய மகள் கல்லூரியில் படிக்கிறாள். வீடியோவில் அம்மா வந்திருக்கிறாள் என்று ஆசையாகத் திறந்து காட்டப் போய், கீழே இருந்ததையும் வாய்விட்டுப் படித்துவிட்டாள் போலிருக்கிறது. மறுநாள் பூவை முழம் போட்டுக்கொண்டே அக்கா என்னைக் கேட்டாள்: “ஏம்மா, நான் ரோட்டை அடைச்சுக்கிட்டா உக்காந்திருக்கேன்? ஒரு பொம்பளை வயித்துப்பாட்டுக்குப் பூ விக்கிறது அவங்களுக்குக் கண்ணை உறுத்துதா?” எனக்குப் பதில் வரவில்லை. “அப்படியெல்லாம் இல்லக்கா, எவனோ வேலை இல்லாதவன்” என்றேன். “ஒருத்தன் இல்லம்மா, எம் பொண்ணு படிக்கப் படிக்க வந்துக்கிட்டே இருக்கு” என்றாள். அன்றைக்கு அவள் கொசுறு போடவில்லை. எப்போதும் போடுகிறவள்.

அந்தத் தெருவைச் சிங்கப்பூர் என்று கொண்டாடுகிறவர்களுக்கு அதன் கதை தெரியுமா? பாண்டி பஜார் என்றாலே ஒரு காலத்தில் பிளாட்பாரக் கடைதான். வளையல், ஹேர் கிளிப், கைக்குட்டை, செருப்பு. அத்தனை கடைக்காரர்களையும் 2013-ல் பக்கத்திலேயே பல மாடிக் கட்டடம் கட்டி அதற்குள் அனுப்பியாகிவிட்டது. நடந்து போகிறபோது கண்ணில் பட்டால் வாங்குகிற பொருள் அது. மாடி ஏறிப் போய்ப் பத்து ரூபாய் கிளிப்பை யார் தேடுவார்கள்? வியாபாரம் படுத்துப்போனது என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடிக்காமல் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. அதாவது அந்த அக்காவைப் போன்றவர்களை நினைத்த நேரத்தில் தூக்கிவிடச் சட்டம் விடாது. பெரிய கடைகள் வாசலில் இரண்டு வரிசையாகக் கார் நிற்கிறதே, அதே வீடியோவில் அது நிமிடக்கணக்கில் ஓடுகிறது. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பூக்கூடை உறுத்துகிற கண்ணுக்குக் கார் ஏன் உறுத்தவில்லை?

இதே ஆட்கள்தான் கூவம் கரை வீடியோவில் ‘சூப்பர், எல்லாத்தையும் கிளீன் பண்ணிட்டாங்க’ என்று எழுதுகிறார்கள். எதை கிளீன் பண்ணினார்கள்? அங்கே வீடுகள் இருந்தன. அந்த வீட்டுப் பிள்ளைகள் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டது கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும். வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண்கள் இரண்டு பஸ் மாறி நகரத்துக்குள் வரவேண்டியிருக்கிறது. பலர் வேலையையே விட்டார்கள். திரையில் காலி இடம் தெரிந்தால் உடனே கைதட்டத் தோன்றுகிறது என்றால், அங்கே யார் இருந்தார்கள் என்று கேட்க ஏன் தோன்றவில்லை?

இன்னொரு கூட்டம் ஊரை விட்டுப் போய் இருபது முப்பது வருடம் ஆனவர்கள். ‘என் மெட்ராஸ் செத்துப்போச்சு.’ ‘அப்போ தி.நகர் எவ்வளவு அமைதியா இருக்கும் தெரியுமா.’ ‘கண்ட ஜனமும் வந்து ஊரைக் கெடுத்துடுச்சு.’ பிறந்த ஊரை நினைத்து ஏங்குவதில் தப்பே இல்லை. எனக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் அந்தக் கடைசி வரி இருக்கிறதே, அதை என்னால் பொறுக்க முடியாது. ஐயா, நீங்கள் ஏங்குகிற தி.நகரே 1920-களில் ஒரு பெரிய ஏரியை வற்றவைத்து மண் கொட்டி உண்டாக்கிய இடம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது, லேக் எங்கே? உங்கள் தாத்தாவும் ஏதோ ஒரு ஊரிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து குடியேறியவராகத்தான் இருப்பார். அன்றைக்கு அவரைப் பார்த்து யாராவது ‘கண்ட ஜனம்’ என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

அந்த அமைதியான மெட்ராஸில் எங்கள் அம்மா ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அடிபம்பில் வரிசை போடுவாள். லாரி வந்தால் தெருவே குடத்தோடு ஓடும். தூக்கக் கலக்கத்தோடு குடத்துக்குக் காவல் நின்றதுதான் என் சின்ன வயது ஞாபகம். கிருஷ்ணா நீர் பூண்டிக்கு வந்து சேர்ந்ததே 1996-ல். வீராணம் தண்ணீர் 2004-ல். அப்படியும் 2019 கோடையில் ஏரிகள் காய்ந்து, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. சம்பும் மோட்டாரும் இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் காலம் இனிப்பாகத்தான் இருக்கும். எங்களுக்கு மெட்ரோ வந்தது 2019 பிப்ரவரியில், வண்ணாரப்பேட்டை வரை. அங்கிருந்து விம்கோ நகர் வரை நீண்டது 2021 பிப்ரவரியில். அதுவரை பஸ்ஸில் தொங்கிக்கொண்டுதான் வேலைக்குப் போனோம். என் தங்கை ராத்திரி ஷிப்ட் முடிந்து பயமில்லாமல் வீட்டுக்கு வருகிறாள். இந்த மாற்றத்தை ‘சாவு’ என்று எழுதாதீர்கள்.

மெட்ரோ என்றதும் நினைவுக்கு வருகிறது, அந்தத் தடுப்புத் தகரத்துக்கு வெளியே மஞ்சள் ஹெல்மெட்டோடு டீ குடிக்கும் ஆட்கள் எந்த வீடியோவில் வந்தாலும் ‘வடக்கன்’ என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். இரண்டாம் கட்டம் மட்டும் 118.9 கிலோமீட்டர். பூமிக்கடியில் வெக்கையில் நின்று அதைத் தோண்டுகிறவர்களில் ஜார்க்கண்டும் பீகாரும் ஒடிசாவும் வங்காளமும் நிறைய. நாளைக்கு அந்த ரயிலில் ஏசியில் உட்கார்ந்து போகப்போகிறவர் அவர்களைப் பார்த்து எழுதுகிற வார்த்தையா இது? தாராவிக்கும் துபாய்க்கும் போகாத தமிழ்க் குடும்பம் எங்கள் தெருவில் இல்லை. என் மாமா மஸ்கட்டில் பன்னிரண்டு பேர் படுக்கிற அறையில் இருந்துதான் தங்கைகளைக் கட்டிக்கொடுத்தார்.

இந்த வீடியோக்கள் எவ்வளவு பெரிய காரியம் என்பது பார்க்கிறவர்களுக்குப் புரியவே இல்லை. சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தது. அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம். அதற்குள் ஒரு மனிதர் கேமராவோடு அரை மணி நேரம் நடந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பழைய புத்தகக் கடைக்காரர் பேரம் பேசுகிற குரல் கிடைத்திருக்கும். டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் ஓட்டல் 2008-ல் போனது, அது இருந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா. உதயம் தியேட்டர் 2024-ல் மூடினார்கள். மயிலாப்பூர் லஸ் முனை மெட்ரோ வேலையில் அடையாளமே தெரியாமல் மாறிக்கிடக்கிறது. தகரம் அடைப்பதற்கு முன்னால் யாரோ எடுத்து வைத்த நடைதான் பழைய லஸ்ஸுக்கு இன்றைக்கு மிச்சம். சம்பளம் இல்லாமல், வெயிலில், ஷூ தேய நடந்து இதைச் செய்கிறார்கள்.

பார்க்கத் தெரிந்தவர்களும் இல்லாமல் இல்லை. மயிலாப்பூர் வீடியோ ஒன்றில் ஒருவர், வலது பக்கம் வரும் மருந்துக்கடை இருக்கும் இடத்தில்தான் அப்பாவின் தையல் கடை இருந்தது, வாசலில் ஒரு வேப்பமரம் நின்றது என்று எழுதியிருந்தார். அதற்கு இன்னொருவர், ‘என் ஸ்கூல் யூனிஃபார்ம் அங்கதான் சார் தைச்சோம், அளவு எடுக்கும்போது மிட்டாய் கொடுப்பார்’ என்று பதில் போட்டிருந்தார். இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கேயோ அடியில் கிடந்தது அது. மேலே நின்றது ‘குப்பை ஊர், பார்க்கவே அசிங்கமா இருக்கு’ என்ற வரி.

எம்.சி. ரோட்டை எடுத்தவரிடம் ஒரு பெண் கேட்டிருந்தாள்: ‘அண்ணா, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கமும் வாங்களேன்.’ அவர் சொன்ன பதில்: ‘வரணும்னுதான் ஆசைம்மா, ஆனா அந்தப் பக்கம் எடுத்தா கீழ வர்ற பேச்சைப் படிக்க முடியல, வீட்லயும் திட்டுறாங்க.’ அதற்குப் பிறகு அவர் போட்டதெல்லாம் ஓ.எம்.ஆர்., கடற்கரை, மால்தான். இந்தப் பக்கம் பழைய ஹவுசிங் போர்டு குடியிருப்புகளை ஒவ்வொன்றாக இடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மாடிப்படிக்குக் கீழே இட்லி கடை போட்டவர்கள், சுவரில் கேரம் கிளப் பேர் எழுதின பையன்கள், எல்லாரும் சாமானைக் கட்டிக்கொண்டு வாடகை வீடு தேடிப் போகிறார்கள். அதை யாரும் நடந்து எடுக்கவில்லை. எடுக்க வந்த ஒரே மனிதரையும் ‘பத்திரம் ப்ரோ’ சொல்லி நீங்கள் விரட்டிவிட்டீர்கள்.