நன்றி சொல்ல மறுத்த தையற்காரி

மகளிர் தினமான மார்ச் 8 வந்தால், அந்த தினம் வரக் காரணமான ஜெர்மன் சோஷலிஸ்ட் தலைவி கிளாரா ஜெட்கின் படம் முகநூல் முழுக்க வந்துவிடும். வரட்டும், வர வேண்டியவர்தான். ஆனால் அவர் இருந்த அதே ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியில் இருந்த மரீ யுகாச்சைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. எனக்கென்னவோ இந்த அம்மாவைத்தான் அதிகம் பிடிக்கிறது.

1879-இல் ஒரு தச்சர் வீட்டில் பிறந்தவர். வீட்டு வேலை, ஃபாக்டரி வேலை, மனநல மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை, அப்புறம் தையல். கல்யாணம் ஒத்துவரவில்லை. 1906-இல் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, தங்கை எலிசபெத்தோடு பெர்லினுக்கு வந்துவிட்டார். பெர்லின் இருந்த பிரஷ்யா மாநிலத்தில் 1908 வரை பெண்கள் அரசியல் கட்சியில் சேரவே சட்டம் விடாது. தடை நீங்கிய வருடமே கட்சியில் சேர்ந்தார்.

1919 ஜனவரியில் ஜெர்மன் பெண்கள் முதன்முறையாக நாடு முழுவதும் வாக்களித்தார்கள். ஜெயித்தவர்களில் அக்கா, தங்கை இருவருமே உண்டு. பிப்ரவரி 19 அன்று, புதிய அரசியல் சட்டம் எழுத வைமார் நகரில் கூடிய தேசிய சபையில் மரீ எழுந்து, “கனவான்களே, பெண்மணிகளே” என்று ஆரம்பித்ததுமே சபையில் சிரிப்பு. அது அவைக்குறிப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அவர் அசரவில்லை. வாக்குரிமைக்காகப் பெண்கள் இந்த அரசுக்கு நன்றிக்கடன் பட்டவர்கள் அல்ல, இதுவரை அநியாயமாகப் பிடுங்கி வைத்திருந்ததைத்தான் கொடுத்திருக்கிறீர்கள் என்றார். இத்தனைக்கும் அது அவருடைய சொந்தக் கட்சி தலைமை தாங்கிய அரசு! நம்மில் எத்தனை பேர் அப்படிப் பேசுவோம்?

அதே வருடம் டிசம்பரில் தொழிலாளர் நல அமைப்பைத் தொடங்கினார். ஏழைக்குப் போடும் பிச்சையாக இல்லாமல், தொழிலாளிகளே தங்களுக்குள் செய்துகொள்ளும் உதவி. வாக்குரிமையில் பேசிய அதே கணக்குதான் இங்கேயும்: வாங்குகிறவர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

குறை இல்லாமல் இல்லை. முதல் உலகப்போரை ஆதரித்த கட்சித் தலைமையோடு நின்றவர். போரை எதிர்த்த ஜெட்கினை 1917-இல் பெண்கள் பத்திரிகையின் ஆசிரியர் பொறுப்பிலிருந்து கட்சி நீக்கியபோது, அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தவரும் இவரே. எனக்கு அது இன்னும் உறுத்தல்தான்.

1933-இல் நாஜிகள் வந்ததும் அமைப்பு போயிற்று, இவரும் நாட்டை விட்டு ஓட வேண்டியதாயிற்று. அப்போது ஜெர்மனியின் ஆட்சியில் இல்லாத சார்ப்ரூக்கனில் தன்னைப் போலத் தப்பி வந்தவர்களுக்கு மதியச் சாப்பாட்டுக் கடை நடத்தினார். அங்கே உடன் உழைத்த யோஹன்னா கிர்ஷ்னரைப் பின்னாளில் நாஜிகள் கொன்றுவிட்டார்கள். மரீ பிரான்ஸ் வழியாக 1941-இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். போர் முடிந்ததும் அங்கிருந்து ஜெர்மனிக்கு நிவாரணப் பொட்டலங்கள் அனுப்ப ஏற்பாடு செய்தார். 1949-இல், கிட்டத்தட்ட எழுபது வயதில், திரும்பி வந்தார். அவருடைய நல அமைப்பு அதற்குள் மறுபடி வேலையைத் தொடங்கியிருந்தது.