பழமைவாதி என்று சொல்லிவிட்டான்

போன வாரம் பேச்சுவாக்கில் நண்பனிடம் ஒன்று சொன்னேன்: மக்களைப் பற்றிய தகவல்களை ஓர் அரசு இஷ்டத்துக்குத் திரட்டக் கூடாது, அதற்கு வரம்பு வேண்டும். "நீ பழமைவாதி ஆயிட்ட" என்றான். அதற்குமேல் பேச்சு ஓடவில்லை. நாலு நாளாக அந்தச் சொல் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஏனென்றால் பழமைவாதிக்கு எதிர்ப்பக்கம் என்று நாம் நினைக்கும் 'லிபரல்' (தாராளவாதி) என்ற பெயர் அரசியலுக்குள் வந்ததே இப்படியொரு கோரிக்கையோடுதான். 1812இல் ஸ்பெயினின் காடிஸ் நகரில் அரசியல் சாசனம் எழுதியபோது, மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கேட்ட அணிக்கு அந்தப் பெயர். அப்புறம் பிரிட்டனில் 19ஆம் நூற்றாண்டுப் பிரதமர் கிளாட்ஸ்டன் காலத்து லிபரல் கட்சியும் அதே தடத்தில்தான் போனது: வரி குறைய வேண்டும், அரசு சிக்கனமாக இருக்க வேண்டும், வணிகத்துக்குத் தடை கூடாது. அதே கட்சிதான் 1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டத்தையும் 1911இல் தேசியக் காப்பீட்டுச் சட்டத்தையும் கொண்டுவந்தது. கொள்கையைக் கைவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. பசியில் கிடப்பவனுக்கு என்ன சுதந்திரம் என்ற கேள்வி அவர்களைச் சுட்டிருக்கிறது. 1930களில் அமெரிக்காவில் அதிபர் ரூஸ்வெல்ட் அரசின் கையை இன்னும் நீட்டினார். தன்னை லிபரல் என்றார். அவரிடம் தேர்தலில் தோற்ற முந்தைய அதிபர் ஹூவரோ, உண்மையான லிபரல் கொள்கை தன்னுடையதே என்றார். இன்றைக்கு அமெரிக்காவில் லிபரல் என்றால் இடதுபக்கம். ஆஸ்திரேலியாவில் லிபரல் கட்சி வலதுபக்கம்.

எதிர்ப்பக்கமும் இதே கதைதான். தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீட்டை 1883இல் சட்டமாக்கியவர் ஜெர்மனியின் சான்சலர் பிஸ்மார்க், அசல் கன்சர்வேட்டிவ், அதாவது நாம் சொல்லும் பழமைவாதி. தொழிலாளர்கள் சோஷலிஸ்டுகள் பக்கம் போய்விடக் கூடாது என்பது அவர் கணக்கு. 1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் சோவியத் அதிபர் கோர்பச்சேவைக் கவிழ்க்கப் பார்த்த கம்யூனிஸ்ட் தலைவர்களையும் கன்சர்வேட்டிவ் என்று எழுதினார்கள். இருந்ததைக் காக்க நின்றார்கள், அவ்வளவுதான்.

தமிழில் நமக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கன்சர்வேட்டிவ் என்பதன் வேர் 'காப்பது'. நாம் அதைப் பழமைவாதி ஆக்கினோம், சொல்லும்போதே வசவு. லிபரலைத் தாராளவாதி ஆக்கினோம்; கேட்டதும் வாரி வழங்குகிறவர்தான் மனதில் வருகிறார், சுதந்திரத்துக்காகக் கட்டவிழ்க்க நினைப்பவர் வருவதில்லை. விவாதம் தொடங்கும் முன்பே ஒருவருக்குக் குட்டு, இன்னொருவருக்கு மாலை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நேற்று நண்பனைத் திரும்ப அழைத்தேன். "என்னை எப்படி வேணும்னாலும் கூப்பிடு. அந்தத் தகவல் யார் கையில இருக்கணும், எத்தனை வருஷம் இருக்கணும், அதை மட்டும் சொல்லு" என்றேன். ஒரு மணி நேரம் பேசினோம். எத்தனை வருஷம் என்பதில்தான் இன்னும் ஒத்துவரவில்லை.